களஞ்சியத்தில் எடுத்த வருகை

காலை பதினொன்று நாற்பது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கலைச்செல்வியின் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். போனில் முதலில் பார்த்தது ஒரு ஷூவை. கறுப்பு, சிறுவர் அளவு, இடது கால். கருங்கல் படி ஒன்றில் தனியாகக் கிடந்தது. லேஸ் அவிழவில்லை, காலை மட்டும் உருவிக்கொண்டு யாரோ ஓடியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி: 'செஞ்சிக் கோட்டையில் பள்ளிக் குழந்தைகள். அனைவரும் பிரார்த்தனை செய்யவும்.' எந்தப் பள்ளி, என்ன நடந்தது, யாருக்கு என்று எதுவும் இல்லை. அதற்குள் பலர் கைகூப்பிவிட்டிருந்தார்கள்.

அன்று கோட்டைக்குப் போயிருந்தது ஒரே ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பு. அது எனக்குத் தெரியும். அந்தப் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். என் மகள் வேறு பள்ளிக்கு மாறிய பிறகும் ஆறாம் வகுப்பு டீச்சர் என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. நான் அப்போது ஒரு நாளிதழுக்குச் செஞ்சி நிருபர். "ஒரு நிருபர் இருக்கட்டும். தப்பா எழுதினா கூப்புட்டுத் திட்டறதுக்கு ஆள் வேணும்" என்றார்.

அந்த டீச்சரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. செஞ்சியில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள் குறைவு. 'உள்ளேன் டீச்சர் வீடு' என்றால் ஆட்டோக்காரர்கள் வாசலில் இறக்கிவிடுவார்கள்.

வருகை எடுப்பது அவருக்கு வேலை அல்ல, சுபாவம். மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கி, பெயரைச் சொல்லி, நிமிர்ந்து பார்ப்பார். 'உள்ளேன்' என்ற சத்தம் வந்தால் மட்டும் போதாது. சத்தம் வந்த இடத்தில் ஆளும் இருக்கிறதா என்று கண்ணால் பிடித்த பிறகுதான் அடுத்த பெயர். பதிவேட்டைப் பார்த்து அவர் பெயர் கூப்பிட்டு நான் கண்டதில்லை. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வகுப்பு முழுதும் மனப்பாடம் ஆகிவிடும். காலையில் எடுப்பார், சாப்பாடு முடிந்து வந்தால் எடுப்பார், கரண்ட் போய் வந்தால் எடுப்பார். "இருட்டுல எத்தினி பேரு எழுந்து போனானோ, யாருக்குத் தெரியும்" என்பார்.

பள்ளியின் விளையாட்டு ஆசிரியருக்குத் தொண்டூரில் கல்யாணம். விளையாட்டு விழாச் செய்தி போட்ட நன்றிக்கு எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். ஆசிரியர்கள் போன வேனிலேயே நானும் போனேன். மண்டபத்தில் இறங்கிச் சிறிது நேரத்தில் ஓவிய ஆசிரியரைக் காணவில்லை. டீச்சர் நேராக மேடைக்குப் போய், அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கை வாங்கி, ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். பந்தியில் பாதியில் இருந்தவர்கள் வாயில் இட்லியோடு 'உள்ளேன்' சொன்னார்கள். ஐந்தாவது பெயர் விளையாட்டு ஆசிரியருடையது. பழக்கத்தில் அதையும் கூப்பிட்டுவிட்டார். மணையில் உட்கார்ந்து ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, மாலையோடு எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றார். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார்.

"இன்னா மாப்ள, முகூர்த்த நேரத்துல எழுந்து நிக்கறீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

டீச்சர் மைக்கிலேயே, "சரி, உக்காரு" என்றார். மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் கெட்டிமேளம் கொட்டினார்கள். ஓவிய ஆசிரியர் வேனின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது டீச்சருக்குத்தான் கஷ்டம் அதிகம். கேமராவை அணைத்துவிட்டு 'உள்ளேன்' சொல்கிற பிள்ளைகளை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வருஷம் என் மகள் அவர் வகுப்பில் இருந்ததால் இதைப் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டேன். ஒரு பையனின் பெயரைக் கூப்பிட்டதும் கட்டைக் குரலில், "உள்ளேம்மா" என்று பதில் வந்தது.

"யாரு பேசறது?"

"அவன் தாத்தா. பையன் மாட்டை அவுத்துக்கினு போயிருக்கான். அவன் எடத்துல நான் குந்திக்கினு இருக்கேன்."

"நீங்க வந்திருக்கீங்க, சரி. அவன் வரல."

"ரெண்டையும் ஒண்ணா சேத்துப் போட்டுக்கோம்மா."

"அப்பிடிப் போட முடியாதுங்க ஐயா. இருங்க, போயிடாதீங்க. பின்னம் நடத்தப் போறேன்."

தாத்தா போகவில்லை. அந்த வாரம் முழுக்க வந்தார். பின்னக் கணக்கில் தாத்தா தன்னைவிட வேகமாகப் பதில் சொல்வதாக என் மகள் என்னிடம் புகார் சொன்னாள். மாடு மேய்த்துவிட்டுப் பேரன் திரும்பி வந்தபோது தாத்தா போனைக் கொடுக்க மறுத்ததாகவும் கேள்வி.

பள்ளி திறந்த பிறகும் அந்தப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு நீடித்தது. அவசரத்துக்கு மட்டும் என்று பெயர் வைத்து, ஒரே அட்மினாக டீச்சர் இருந்தார். செய்தியைப் படித்ததற்கு அடையாளமாக வாட்ஸ்அப் காட்டுகிற இரண்டு நீலக் கோடுகளை அவர் நம்பவில்லை. "அந்தக் கோடு வந்தா போன் பாத்துச்சுன்னு அர்த்தம். நீங்க பாத்தீங்கன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். ஆகவே ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒவ்வொரு பெற்றோரும் 'உள்ளேன்' என்று எழுத வேண்டும். மாலைக்குள் எழுதாதவர்களுக்கு அவரே போன் செய்வார். விழுப்புரத்தில் வேலை பார்க்கும் அப்பாக்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே 'உள்ளேன்' எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

மேல்சித்தாமூரில் பருப்பு வியாபாரம் செய்யும் தரணேந்திரன் என்ற அப்பா தினமும் காலையில் குழுவில் ஒரு ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். டீச்சர் அவருக்கு எழுதிய பதிலை நகலெடுத்து வைக்காமல் போனது என் தவறு. நினைவில் இருப்பது இதுதான்: 'ரோஜாப்பூவுக்கு இந்தக் குழுவில் அட்மிஷன் இல்லை. தினமும் மணி அடித்தால் தீப்பிடிக்கும்போது யாரும் திரும்ப மாட்டார்கள்.' தரணேந்திரன் 'உள்ளேன்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வதந்திக்கு அவர் மூன்று கேள்விகள் வைத்திருந்தார். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எங்கே நின்று பார்த்தது. என் செய்தி ஆசிரியரும் இதே மூன்றைத்தான் கேட்பார். செய்தி அச்சாகி மறுப்பு வந்த பிறகு கேட்பார். ஒரு மழைக்காலத்தில் ஏரி உடைந்துவிட்டது, பள்ளிக்குள் தண்ணீர் வருகிறது என்று ஒரு குரல் பதிவைக் குழுவில் போட்டார் ஒரு பெற்றோர். டீச்சர் அவரைப் போனில் பிடித்தார்.

"யாரு பாத்தது?"

"எம் மச்சான் சொன்னாரு டீச்சர்."

"மச்சான் எங்க நின்னு பாத்தாரு?"

"அவரு திருப்பூர்ல இருக்காரு."

"திருப்பூர்லருந்து நம்ம ஏரி தெரியுதா?"

உரையாடலை டீச்சர் அப்படியே குழுவில் எழுதிப் போட்டார். ஏரி அன்று உடையவில்லை. மச்சான் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்களாம்.

ஷூவுக்கு வருகிறேன்.

கலைச்செல்வியின் மகன் முகிலன் அந்த ஆறாம் வகுப்பில் இருந்தான். அவள் என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். மெஷின் தன் பாட்டுக்கு யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"இது அவன்துதானா அண்ணா?"

"தெரியலம்மா. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஷூதான்."

செஞ்சியில் செய்தி பரவ பஸ் ஸ்டாண்டைவிட வசதியான இடம் இல்லை. சிறிது நேரத்தில் கடை வாசலில் பெற்றோர் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் போனில் பாறை உருண்டிருந்தது. இன்னொருவர் போனில் படி சரிந்திருந்தது. மூன்றாவது போனில் ஒரு பஸ் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். நம்பர் பலகை வேறு மாநிலத்துடையது. தவிர, பிள்ளைகள் அன்று கோட்டைக்கு நடந்துதான் போயிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"நடந்து போனவங்க மேல பஸ்ஸு கவுந்திருக்கும்" என்றார் ஒருவர்.

அவலூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் குமாரின் மகள் தமிழரசியும் அந்த வகுப்புதான். அவர் ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்தினார். "கெளம்புங்க. கோட்டைக்குப் போயி நேர்ல பாத்துடலாம். காசு வேணாம், ஏறுங்க."

அப்போது குழுவில் டீச்சரின் செய்தி வந்தது. 'மணி 11.50. ராஜகிரி அடிவாரம். மலைத்தேனீ கலைந்தது. பிள்ளைகளைக் களஞ்சியத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். நான் பார்த்தது இவ்வளவு. யாரும் இங்கே வர வேண்டாம். ஆள் நடமாடினால் தேனீ திரும்பவும் கிளம்பும். வருகை எடுக்கிறேன்.'

ராஜாக்கள் நெல் கொட்டி வைத்த களஞ்சியம் அது. கனத்த சுவர், உள்ளே இருட்டு, வௌவால். தேனீயிடமிருந்து தப்பி ஒளிய நல்ல இடம். ஆனால் உள்ளே போன் எடுக்காது, வாசலுக்கு வந்தால்தான் செய்தி போகும். அந்தச் செய்திக்குப் பிறகு டீச்சரிடமிருந்து ஒன்றும் இல்லை.

இடைவெளியைப் பள்ளியின் தாளாளர் நிரப்பினார். அவர் வெளியூரில் இருந்தார். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அறிக்கை போட்டார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி பெற்று வரும் நமது பெருமைமிகு நிறுவனத்தில் மாணவர் நலனே முதன்மையானது என்றும், பெற்றோர் எவரும் எவ்விதத்திலும் பதற்றம் கொள்ளத் தேவையில்லை என்றும் அதில் இருந்தது. கூடவே ஆண்டு விழாவில் பிள்ளைகள் கரகம் ஆடும் படம். தேனீ என்ற சொல் இல்லை.

குமார் அதை இரண்டு தரம் படித்தார். "இவரு பதறாதேன்னு சொன்னதுக்கு அப்பறம்தான் எனக்குக் கை காலு ஒதறுது."

"டான்ஸ் ஆடுற படத்த எதுக்குப் போட்டிருக்காரு?" என்றாள் ஒரு அம்மா.

"கடேசியா எடுத்த படமோ இன்னாவோ."

அந்தப் பதில் யாருடையது என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் ஆட்டோவில் ஏறத் தொடங்கினார்கள். கலைச்செல்வி கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, ஒரு காலை ஆட்டோவில் வைத்திருந்தாள். அப்போது டீச்சரின் குரல் பதிவு வந்தது.

கடையில் பாட்டு கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. போனை அதில் இணைத்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் டீச்சரின் குரல் கிளம்பியது.

"எல்லாரும் உக்காருங்க. வௌவாலப் பாக்காதீங்க, அது உங்களப் பாக்கல. அகிலா."

"உள்ளேன் டீச்சர்." களஞ்சியத்தின் சுவர் அதை இன்னொரு தரம் சொன்னது. கூட்டத்தில் ஒரு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அரவிந்தன்."

"உள்ளேன் டீச்சர். என் சாப்பாட்டுப் பை மேலயே..."

"அது அப்பறம். கிரிதரன்."

"உள்ளேன் டீச்சர். ஒரு ஷூ இல்ல."

"எந்தக் காலு?"

"இடது."

"காலு இருக்குதா?"

"இருக்குது டீச்சர்."

"சரி, உக்காரு."

கூட்டம் சிரித்தது. கிரிதரனின் அப்பா சிரிக்கவில்லை. அந்த ஷூ அதே வாரம் வாங்கியது. கண்டக்டர் ஒருவர் திண்டிவனம் பஸ்ஸைப் புறப்பட விடாமல் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தமிழரசி."

"உள்ளேன் டீச்சர். நைனா கேட்டுக்கினு இருந்தா, ஆட்டோ எடுத்துக்கினு இங்க வரவேணாம்னு சொல்லுங்க. கத்துவாரு."

குமார் இன்ஜினை அணைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பத்மஸ்ரீ."

"உள்ளேன் டீச்சர். காதுல ஒண்ணு கொட்டிச்சு."

"முள்ள எடுத்தாச்சு இல்ல? தேய்க்காத."

மேல்சித்தாமூர் தரணேந்திரன் தன் காதைத் தொட்டுக்கொண்டார். பத்மஸ்ரீ அவர் மகள்.

"முகிலன்."

பதில் இல்லை. சுவருக்கும் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"ம். கைய எறக்கு. ரஞ்சித்."

"உள்ளேன் டீச்சர்."

இன்னும் சில பெயர்கள், சில பதில்கள். பிறகு பல குரல்களில் "வௌவாலு" என்று ஒரு அலறல். பதிவு அதோடு நின்றது.

பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் குழுவில் 'உள்ளேன்' எழுதினார்கள். கலைச்செல்வி மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம் புள்ள சொல்லல."

"டவர் விட்டுப் போயிருக்கும்" என்றார் குமார்.

"அவனுக்கு முந்தி சொன்ன புள்ளையும் கேட்டுச்சு, அடுத்துச் சொன்ன புள்ளையும் கேட்டுச்சு. அவனுக்கு மட்டும் டவர் போச்சா?"

நான் அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். 'ம். கைய எறக்கு' என்பதைக் காட்டினேன். "டீச்சர் அவன்கிட்டதான் சொல்றாங்கம்மா. கையத் தூக்கியிருக்கான்."

"வேற எந்தப் புள்ளையோ சேட்டை பண்ணியிருக்கும், அதச் சொல்லியிருப்பாங்க. எம் புள்ள எதுக்குக் கையத் தூக்கறான்? வீட்ல அவன் வாய் மூடி நான் பாத்ததே இல்ல அண்ணா. தூக்கத்துலயும் பேசுவான். வாய்ல கொட்டிடுச்சா? மயக்கமா கெடக்கறானா?"

டீச்சருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. குழுவில் குரல் அனுப்பினாள்: "டீச்சர், முகிலன் பேசல டீச்சர்." அது போய்ச் சேராமல் ஒற்றைக் கோட்டில் நின்றது.

பிள்ளையின் குரலைக் கேட்டு உட்கார்ந்தவர்கள் மறுபடி எழுந்தார்கள். ஒரு பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால் மற்றவர்களின் பதிலுக்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது. குமார் சாவியைத் திருகினார். "ஏறும்மா. கொட்டுனா கொட்டட்டும்." கலைச்செல்வி மறுபடி ஒரு காலை ஆட்டோவில் வைத்தாள்.

தரணேந்திரன் ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவன் பேசலன்னு நாம கேட்டோம். அவன் இல்லன்னு யாரு பாத்தது?"

"இருக்கான்னு யாரு பாத்தது?" என்றாள் கலைச்செல்வி.

"டீச்சர். ஆளப் பாக்காம அடுத்த பேருக்குப் போயிடுவாங்களா அவங்க? நீயே சொல்லும்மா."

குமார், "கல்யாணத்துலயே போவல" என்றார். தொண்டூர்க் கதை செஞ்சி முழுக்கத் தெரியும். கலைச்செல்வி ஆட்டோவிலிருந்து காலை எடுத்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்பறம் ஏன் பேசல?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

எவ்வளவு நேரம் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. அதற்குள் இரண்டு பேர் ஜெராக்ஸ் கேட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு செய்தி வந்தது. 'முகிலன் இருக்கிறான். கை தூக்கினான். பார்த்தேன். எதுவும் கொட்டவில்லை. மற்றது நேரில்.'

தேனீ அடங்கிய பிறகு, பிற்பகலில், பிள்ளைகளை வெளியே அழைத்து வந்தார்கள். பெற்றோரைக் கோட்டை வாசலுக்கு மட்டும் வரச் சொல்லியிருந்தார் டீச்சர். நானும் போனேன். அவருக்குப் புருவத்துக்கு மேலே கொட்டி ஒரு கண் மூடியிருந்தது. மற்ற கண்ணை வைத்துக்கொண்டு, பெற்றோருக்கு வருகை எடுத்தார். பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவார். பெற்றவர் 'உள்ளேன்' சொல்லி முன்னால் வந்தால், அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்புவார். போலீஸ்காரர் ஒருவர் தன் தங்கை மகளை அழைத்துப்போக வந்திருந்தார். "அம்மா வரட்டும்" என்று சொல்லி டீச்சர் அவரை ஓரமாக நிற்க வைத்தார். அவர் நின்றார்.

தாளாளர் காரில் வந்து இறங்கி, வரிசையைத் தாண்டி முன்னால் போனார்.

"நீங்க யாரோட அப்பா சார்?" என்றார் டீச்சர்.

தாளாளர் என் பக்கம் திரும்பி, இதைப் பெரிதாகப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் சொன்னார்.

"முகிலன்."

"உள்ளேன்!" கலைச்செல்வி போட்ட சத்தத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

முகிலன் வந்தான். ஒல்லியான பையன், இரண்டு காலிலும் ஷூ. "எதுக்குமா கத்தற? டீச்சருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஒரு கண்ணுதான் தெரியல. அம்மா, தேனீ எவ்வளவு இருந்துச்சு தெரியுமா, மேலருந்து பொக மாரி வந்துச்சு, நாங்கல்லாம் ஓடினோம், கிரி ஷூவ வுட்டுட்டான், நான் எடுக்கப் போனேன், டீச்சர் என் காலர புடிச்சு இழுத்துட்டாங்க..."

வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை இன்னொருத்தியிடம், "பேசறான்டி" என்றாள்.

எல்லோரும் போன பிறகு கலைச்செல்வி டீச்சரிடம் போனாள். நான் கேட்கிற தூரத்தில் நின்றேன்.

"ஏன் டீச்சர் அவன் பதில் சொல்லல?"

"ஸ்கூல் தெறந்தப்போ சொன்னான். வார்த்த தொண்டையிலயே நின்னுக்கிச்சு. திக்கித் திக்கிச் சொன்னான். கிளாஸ் சிரிச்சிது. அன்னிலருந்து பேர் கூப்புட்டா வாய் தெறக்க மாட்டான். கையத் தூக்கினா போதும்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்ல வேணாம்னான்."

"பேச மாட்டான்றீங்க. எப்பிடிச் சொன்னான்?"

"எங்கிட்ட தனியா பேசுவான். நாலு பேரு முன்னாடிதான் வராது. மைக்ல போட்டு ஊருக்கே கேக்க வெப்பீங்கன்னு நான் நெனைக்கல." இதைச் சொல்லும்போது அந்தக் கண் என்னைப் பார்த்தது. "வரும்போது வரட்டும். அதுவரைக்கும் கை இருக்குது. நான் பாக்கறேன் இல்ல?"

கலைச்செல்வி டீச்சரின் வீங்கிய புருவத்தைப் பார்த்து, "சுண்ணாம்பு வெச்சீங்களா டீச்சர்?" என்றாள்.

"மொதல்ல இவரு பேனாவுக்கு வெக்கட்டும்" என்று டீச்சர் என்னைக் காட்டினார். "இவரு எழுதறதுல ஒரு எழுத்து தப்பு இருந்தாலும் நான் கூப்புடுவேன்." மறுநாள் என் செய்தி நாலு வரி வந்தது. தேனீயின் பெயரைச் சரியாகப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் போன 'பஸ்' என்று ஒரு வார்த்தையைத் தலைமை அலுவலகத்தில் யாரோ சேர்த்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்.

"எந்த பஸ்ஸு? யாரு பாத்தது?"

அந்தக் குரல் பதிவு குழுவோடு நிற்கவில்லை. யாரோ அதற்குப் பின்னணியில் சோக வயலின் சேர்த்தார்கள். வேறு மாவட்டங்களில் அது கல்நெஞ்சையும் கரைக்கும் பதிவு என்ற தலைப்போடு சுற்றியது. குகையில் சிக்கிய பிள்ளைகள் என்று ஒரு இடத்திலும், பேய் பிடித்த பள்ளி என்று இன்னொரு இடத்திலும் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் குரல் வெளியே போனது முறையல்ல என்று தாளாளர் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. டீச்சரும் மறுக்கவில்லை. "படம் போட்டா எந்தப் புள்ளைக்கு மொகம் வீங்கிச்சுன்னு தேடுவாங்க, அதான் கொரல் போட்டேன். கொரலுக்கும் பாட்டு போடுவாங்கன்னு தெரியாது" என்றார். குழுவைக் கலைக்கச் சொன்னார்கள், கலைத்தார். அதற்குப் பதிலாகப் பள்ளி ஒரு செயலி வாங்கியது. வகுப்பில் வருகை போட்டதும் அதுவே பெற்றோருக்குத் தகவல் அனுப்பிவிடும். யாரும் யாருக்கும் பதில் எழுத வேண்டியதில்லை.

அந்தக் கல்வியாண்டோடு டீச்சர் ஓய்வு பெற்றார். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனால் வெளியே நின்று உள்ளே இருப்பவர்களின் பெயரைக் கேட்கிறார் என்று அவர் மகள் சொன்னார்.

பள்ளி திறந்தபோது முகிலன் ஏழாம் வகுப்பு. வேறு ஆசிரியர். முதல் நாள் கலைச்செல்வி அவனை வகுப்பு வாசல் வரை கொண்டுபோய் விட்டு, அவன் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் கடையைத் திறந்தாள். ஒரு செய்திக்குப் படம் அச்செடுக்க நான் அங்கே நின்றிருந்தேன். பத்தேகால் மணிக்கு அவள் போனுக்குச் செயலியிலிருந்து தகவல் வந்தது: 'உங்கள் குழந்தை முகிலன் இன்று பள்ளிக்கு வரவில்லை.'